நாடகத்தில மேல்படிப்பு: நாடகத்துறையா, சமூகவியலா?

டிகிரி முடிச்ச பிள்ளையள் கேக்கிறது இதுதான், மாஸ்டர்ஸ நாடகத்துறையிலயே செய்யிறதா இல்லாட்டி சமூகவியல், மானிடவியல் பக்கம் போய் மட்டக்களப்புக் கூத்தை, அதாவது ஊராக்கள் ஆடிப் பாடி நடத்திற மரபு நாடகத்த, ஆய்வுத் தலைப்பா எடுக்கிறதா எண்டு.

நாடகத்துறை எண்டா உடம்பால படிக்கலாம். நெறியாள்கை, நடிப்பு, ஒளியமைப்பு எல்லாம் கைக்கு வரும், அதோட மட்டக்களப்பு கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தச் சுத்தி இருக்கிற ஊருகள்ல கூத்து இன்னும் உசிரோட கிடக்கு.

சமூகவியல் பக்கம் கேள்வியே வேற. சட்டங்கொடுக்கிறதில (ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பாட்டுக் கொப்பிய பிரிச்சுக் குடுக்கிறது) இருந்து சதங்கை அணி (ஆடுறவங்க முதன்முதல் காலில சதங்கை கட்டுற சடங்கு), அரங்கேற்றம் வரைக்கும் ஊரே சேந்து உழைக்குது, அதுக்குள்ள ஆருக்கு ராசா வேஷம், உடுப்புச் செலவு ஆர்ட தலையில, பொம்பிளையள் ஏன் களரிக்கு (கூத்து ஆடுற வட்ட அரங்குக்கு) வெளிய நிண்டவங்க, சாதி எங்க நிக்குது, இதெல்லாம் நோண்டிப் பாக்க அந்தத் துறைதான் கருவி தரும். ஆனா வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு கூத்து வகையின்ட ஆட்டத்த வித்தியாசம் பிடிக்கத் தெரியாம, மத்தளச் சொற்கட்டு (தாளத்த வாயால சொல்லுற சொற்கள்) விளங்காம எழுதினா அது பாதி ஆய்வுதான், கூத்துப் பழக்கிற அண்ணாவிமார் ரெண்டாவது கேள்வியிலயே கண்டுபிடிச்சிருவாங்க.

பேராசிரியர் மௌனகுரு கூத்தாடியும் இருக்கார், மட்டக்களப்பு மரபுவழி நாடகத்த ஆய்வும் செய்திருக்கார், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள சாத்தியம்தான். என்னக் கேட்டா, ஏற்கனவே ஆடின ஆள் தைரியமா சமூகவியலுக்குப் போகலாம், ஆடாத ஆள் முதல்ல நாடகத்துறை. எதுக்குப் போனாலும் புரபோசல் குடுக்க முதலே மத்தத் துறையில ஒரு மேற்பார்வையாளரையும் கேட்டு வையுங்க.