கீர்க்கேகார்டுக்குள் நுழைய நான்கு வாசல்: எது முதலில்?

காம்யுவின் 'அந்நியன்' படித்து, அதே கையோடு காஃப்காவின் 'விசாரணை'யையும் முடித்து, இதற்கெல்லாம் ஆரம்பம் யார் என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் பெயர் டென்மார்க் தத்துவவாதி சோரன் கீர்க்கேகார்ட். 1813இல் கோபன்ஹேகனில் பிறந்து, 1855இல் அதே ஊரில் 42 வயதில் இறந்தவர். மனித இருப்பையே மையக் கேள்வியாக வைக்கும் தத்துவத்துக்கு இன்று வழங்கும் இருத்தலியல் என்ற சொல் அவர் காலத்தில் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் தனிமனிதன், பதற்றம், தேர்வு என்று பின்னால் வந்தவர்கள் பேசியதில் பெரும்பகுதிக்கு விதை அவரிடம் இருக்கிறது.

சரி, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? நான் நூலகத்தில் இருந்ததிலேயே மெலிசானதை எடுத்தேன். அது 'தி சிக்னஸ் அன்டு டெத்'. தமிழ் வேதாகமத்தின் சொல்லில் சொன்னால், 'மரணத்துக்கு ஏதுவான வியாதி'. முதல் பக்கம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: மனிதன் என்பது ஆவி. ஆவி என்றால் என்ன? ஆவி என்பது சுயம். சுயம் என்றால் என்ன? தன்னோடு தானே உறவுகொள்ளும் ஓர் உறவு. இரண்டு வாரம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி அவர் பக்கம் போக மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடம் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கீர்க்கேகார்ட் தன் முக்கியமான புத்தகங்களில் பலவற்றைப் புனைபெயரில் வெளியிட்டார். அடையாளத்தை மறைப்பது மட்டும் அதன் நோக்கமில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு தனி ஆள். அவரவருக்கு ஒரு குணம், ஒரு நிலைப்பாடு, ஓர் எல்லை. 1846இல் வந்த பெரிய நூலின் கடைசியில் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒரு சொல்கூடத் தன்னுடையது இல்லை என்றும், மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தந்தப் புனைபெயரைப் போட்டே காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே எது சுலபம், எது கடினம் என்று மட்டும் பார்த்தால் போதாது. முதல் ஆளாக யாரைச் சந்திக்கப் போகிறோம், அவர் நமக்கு மேலே நின்று பேசுகிறாரா, பக்கத்தில் நின்று பேசுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

பலரும் கைகாட்டும் வாசல் 1843 பிப்ரவரியில் வந்த 'ஐதர்/ஆர்'. 'இதுவா அதுவா' என்று வைத்துக்கொள்ளலாம். இதன் பதிப்பாசிரியர் விக்டர் எரெமிட்டா, அதாவது வெற்றிபெற்ற துறவி. பழைய மேசை ஒன்றை வாங்குகிறார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பண அறை திறக்க மறுக்கிறது. கோடாலியால் ஓங்கி ஒரு போடு போடுகிறார். பண அறை திறக்கவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்த ரகசிய அறை திறந்து இரண்டு பேருடைய காகிதக் கட்டுகள் கிடைக்கின்றன. ஒருவன் ரசனையே வாழ்க்கை என்று இருக்கும் இளைஞன். மற்றவர் மணவாழ்க்கையையும் கடமையையும் நம்பும் நீதிபதி. யார் சொன்னது சரி என்று புத்தகம் தீர்ப்புச் சொல்வதில்லை.

முதல் பாகத்தின் தொடக்கத்தில் வரும் துணுக்குகள் அபாரமானவை. நாடகக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் தீப்பிடிக்கிறது. கோமாளி ஓடிவந்து எச்சரிக்கிறான். நடிப்பு என்று நினைத்துச் சனம் கைதட்டுகிறது. அவன் மறுபடி கத்த, இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள். இப்படித்தான் உலகம் அழியும், எல்லோரும் அதை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, என்று முடிகிறது.

நாவல் வழியாக வருகிறவர்களுக்கு இது பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில். மூலத்தில் இது இரண்டு பாகம், எண்ணூறு பக்கத்துக்கு மேல். துணுக்குகளை அடுத்து மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' ஓபராவைப் பற்றிய நீண்ட கட்டுரை வரும். அந்த இசையைக் கேட்காதவர்கள் அங்கேயே திணறிவிடுவார்கள். முதல் பாகத்தின் கடைசியில் 'மயக்குபவனின் நாட்குறிப்பு' வருகிறது. பலரும் அதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைத் தனியாக அச்சிட்டும் விற்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் வாங்கிப் படிக்காதீர்கள். நீதிபதியின் பதில் இல்லாமல் அந்த நாட்குறிப்பைப் படிப்பது வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்பது போல. மூன்று மாதம் ஒதுக்க முடியுமானால் இது நல்ல வாசல். ஒதுக்க முடியாதவர்கள் அந்தத் துணுக்குகளை மட்டும் படித்துவிட்டு நகரலாம்.

அடுத்தது, என்னை வெளியே நிறுத்திய 'மரணத்துக்கு ஏதுவான வியாதி'. வெளிவந்தது 1849. நோயுற்ற லாசரு என்பவரைப் பற்றி, "இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவாயிராமல்" என்று இயேசு சொல்லும் வசனத்திலிருந்து தலைப்பு வருகிறது. உடலைக் கொல்லும் நோய் அப்படிப்பட்டது இல்லை. தான் தானாக இருக்க முடியாத, தன்னை விட்டு ஓடவும் முடியாத அவநம்பிக்கைதான் அந்த வியாதி என்பது நூலின் வாதம்.

இன்று என்னைக் கேட்டால் இந்த நான்கில் ஆழமானது இதுதான். ஒரு கை போனால், கால் போனால், ஐந்து டாலர் தொலைந்தால்கூட மனிதனுக்குத் தெரிந்துவிடும். தன்னையே தொலைப்பது மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓசையின்றி நடந்துவிடும் என்று ஓர் இடம் வருகிறது. இன்னோர் இடத்தில் ஒரு குடியானவன் வெறுங்காலோடு பட்டணத்துக்கு வருகிறான். கையில் சேர்ந்த காசில் காலுறையும் பூட்ஸும் வாங்கி, மிச்சத்தில் குடித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் நடுரோட்டில் படுத்துத் தூங்கிவிடுகிறான். வண்டி வருகிறது. காலை எடு, இல்லாவிட்டால் ஏற்றிவிடுவேன் என்று வண்டிக்காரன் கத்துகிறான். குடியானவன் கண்ணைத் திறந்து காலைப் பார்க்கிறான். புது பூட்ஸ் போட்டிருப்பதால் அடையாளம் தெரியவில்லை. ஏற்றிக்கொண்டு போ, அது என் கால் இல்லை என்கிறான்.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். பதவி, சம்பளம், மற்றவர்கள் நம்மை அழைக்கும் பெயர் என்று எத்தனை பூட்ஸ்!

அப்படியிருந்தும் இதை முதல் புத்தகமாகச் சொல்ல மாட்டேன். காரணம், இதன் ஆசிரியராக வரும் ஆன்டி-கிளைமக்கஸ். கீர்க்கேகார்டே அவரைத் தன்னைவிட உயர்ந்த கிறிஸ்தவராக வைக்கிறார். அவர் நோய் முற்றிலும் தெரிந்த மருத்துவர்போல மேலே நின்று நாடி பார்க்கிறார். மெலிசான புத்தகம்தானே என்று எடுக்கிறவர் அந்த உயரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. போதாததற்கு, முதல் பக்க வரையறைகள் ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் மொழியில் இருக்கின்றன. அவரிடம் நாம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போனால் போதும்.

மூன்றாவது, நான் முதலில் சொல்லும் வாசல்: 'ஃபியர் அண்ட் டிரெம்ப்ளிங்', 'அச்சமும் நடுக்கமும்'. 1843 அக்டோபர் 16 அன்று வெளிவந்தது. ஆசிரியர் பெயர் யோஹான்னஸ் தெ சிலென்ஷியோ, மௌனத்தின் யோஹான்னஸ். பொருள் ஒன்றே ஒன்று. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்க மோரியா மலைக்குப் போன கதை. பக்ரீத் எதன் நினைவாக என்று அறிந்தவர்களுக்கு இப்ராஹீம் நபியின் கதையாக இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

புத்தகம் தத்துவத்தில் தொடங்குவதில்லை. இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டு, வயதாக ஆக அதை இன்னும் அதிகமாக வியந்து, அதே அளவுக்குப் புரியாமல் போன ஒரு மனிதரில் தொடங்குகிறது. அவர் அதே பயணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்து பார்க்கிறார். முதலாவதில் ஆபிரகாம் மகனைப் பிடித்துக் கீழே தள்ளி, நான் உன் தகப்பன் இல்லை, விக்கிரகத்தை வணங்குகிறவன், இது கடவுளின் கட்டளையும் இல்லை, என் ஆசை என்கிறார். பையன் கடவுளைக் கூப்பிட்டு அழுகிறான். ஆபிரகாம் தனக்குள், அவன் உம்மேல் நம்பிக்கை இழப்பதைவிட என்னை அரக்கன் என்று நம்புவது மேல் என்று சொல்லிக்கொள்கிறார்.

அதற்கு உடனே கீழே ஒரு சிறு பத்தி: குழந்தைக்குப் பால் மறக்கடிக்க வேண்டிய நேரத்தில் தாய் தன் மார்பில் கரியைப் பூசிக்கொள்கிறாள். மார்பு மாறிவிட்டது என்று குழந்தை நம்புகிறது. தாய் மாறவில்லை, அவள் பார்வையில் அதே அன்பு.

இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம். வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடித்த அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். கசப்பில் முகம் சுளித்து அழும் குழந்தையையும், அதைவிட அதிகமாகக் கலங்கி நிற்கும் தாயையும் பார்த்திருக்கிறோம். 1841இல் ரெகினே ஓல்சனுடன் நிச்சயித்த திருமணத்தை முறித்தபோது, அவள் தன்னை வெறுத்து விலகட்டும் என்று கீர்க்கேகார்ட் கெட்டவன்போல நடந்துகொண்டார் என்பது தெரிந்தால் அந்தக் கரி இன்னும் கருப்பாகத் தெரியும்.

இந்த வாசலைச் சொல்ல முக்கியக் காரணம் யோஹான்னஸ். தனக்கு ஆபிரகாம் புரியவில்லை, அந்த நம்பிக்கை தனக்கு வாய்க்கவில்லை என்று அவரே சொல்கிறார். அதாவது, வெளியே நிற்கிறார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையே, இதைப் படிக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் இவர்தான். நம்பிக்கையின் வீரன் எப்படி இருப்பான் என்று அவர் கற்பனை செய்யும் இடத்தைப் பாருங்கள். அட, இந்த ஆள் வரி வசூலிப்பவர் மாதிரியல்லவா இருக்கிறார் என்கிறார். அந்த மனிதர் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறார். மனைவி வறுத்த ஆட்டுத்தலையும் காய்கறியும் சூடாக வைத்திருப்பாள் என்று உறுதியாக நம்பியபடி நடக்கிறார். கையில் அதற்குக் காசே கிடையாது. வீட்டில் அந்தச் சாப்பாடு இல்லை என்றாலும் அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை.

பின்பாதியில் வரும் மூன்று கேள்விகள் கடினம். ஆனால் தமிழ் வாசகரிடம் அவற்றுக்கு ஒரு சாவி இருக்கிறது. படைக்காக மகளைப் பலிகொடுத்த கிரேக்க அரசன் அகமெம்னானைப் பார்த்து ஊரே அழும், அவனைப் புரிந்துகொள்ளும். அவன் துயர நாயகன் என்கிறது நூல். அந்த இடத்தில் மனுநீதிச் சோழனை வைத்துப் பாருங்கள், உடனே விளங்கும். ஆபிரகாமுக்கு அருகில் வரக்கூடியவர் பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டர். ஆனால் அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். இருவரும் சேர்ந்தே செய்கிறார்கள். ஆபிரகாம் மனைவி சாராளிடம் சொல்லவில்லை, வேலைக்காரனிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கும் புரியாது. மூன்றாவது கேள்வி முழுக்க இந்த மௌனத்தைப் பற்றியதுதான். சிறுத்தொண்டர் கதையை அறிந்தவருக்கு அந்த வேறுபாடு சட்டென்று உறைக்கும்.

நான்காவது வாசலை யாரும் சொல்வதில்லை: 1849 மே 14 அன்று சொந்தப் பெயரில் வெளியிட்ட 'காட்டுப்புஷ்பமும் ஆகாயத்துப் பட்சியும்' பற்றிய மூன்று உரைகள். ஆங்கிலத்தில் தலைப்பு 'தி லில்லி ஆஃப் தி ஃபீல்ட் அண்ட் தி பர்ட் ஆஃப் தி ஏர்'. 'இதுவா அதுவா'வின் இரண்டாம் பதிப்பும் அதே நாளில்தான் வந்தது. முதல் பதிப்பு வந்த காலத்தை நினைத்து, இடக்கையால் 'இதுவா அதுவா'வையும் வலக்கையால் அப்போது எழுதிய சமய உரைகளையும் நீட்டினேன், கிட்டத்தட்ட எல்லோருமே தங்கள் வலக்கையால் என் இடக்கையில் இருந்ததை வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னால் வருந்தினார். இந்தச் சிறு நூலை ஒரே மாலையில் படித்துவிடலாம். பிரார்த்தனை என்றால் பேசுவது என்று நினைத்தவன், போகப் போகச் சொல்ல ஒன்றுமில்லாமல் மௌனமாகி, கடைசியில் கேட்கிறவனாக ஆவதைப் பற்றி முதல் உரையில் ஒரு பகுதி இருக்கிறது. "சும்மா இரு சொல்லற" என்ற அருணகிரியாரின் வரி காதில் விழுந்த மொழியில் வளர்ந்தவருக்கு அது அந்நியமாக இருக்காது. ஆனால் இது நேரடியான சமய உரை. முதலிலேயே இதைப் படித்தால், இந்த மனிதரையா சார்த்தரும் காம்யுவும் இவ்வளவு பேசினார்கள் என்று தோன்றிவிடலாம். இரண்டாவதாகப் படியுங்கள்.

மொழிபெயர்ப்புகளில் அதிகம் குழம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் படிப்பதானால், பெங்குவின் வெளியிட்ட ஆலஸ்டர் ஹன்னேயின் மொழிபெயர்ப்பு ஓட்டமாக இருக்கும். அவருடைய 'இதுவா அதுவா' சுருக்கப்பட்ட பதிப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹோவர்ட் ஹாங், எட்னா ஹாங் தம்பதி பிரின்ஸ்டனுக்காகச் செய்தது துல்லியமானது, குறிப்புகள் நிறைந்தது. இரண்டாம் வாசிப்புக்கு நல்லது. பழைய வால்டர் லௌரி மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தால் வேறொன்றுக்காகக் காத்திருக்காமல் அதிலேயே தொடங்கலாம்.

தொடங்கும் அன்று கீர்க்கேகார்டைத் திறக்காதீர்கள். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் முதல் 19 வசனங்களை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் அந்த நான்கு கற்பனைகளை, நாளைக்கு ஒன்று என்று நான்கு நாள். நான்காவதில் ஆபிரகாம் கத்தியை உருவும்போது அவருடைய இடக்கை இறுகி மூடியிருப்பதை ஈசாக்கு பார்த்துவிடுகிறான். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. அதை யாரேனும் பார்த்தார்கள் என்று ஆபிரகாமுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு ஐந்தாம் நாள் மேலே போங்கள்.