சங்கதியைத் திரும்பத் திரும்பக் கேட்க எந்த பிளேயர் ஒத்துவரும்?

ஆடுதுறைப் பக்கம் ஒரு நாதஸ்வர வாத்தியாருக்காக ஆறு மாதமாக ஒரு வெப் ஆப் செய்துகொண்டிருக்கிறேன். சொல்லப்போனால் சின்ன வேலைதான். அவர் பாடத்தை வாசித்துப் பதிவு செய்வார், மன்னார்குடியிலும் சீர்காழியிலும் மயிலாடுதுறையிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் கேட்டுச் சாதகம் பண்ணுவார்கள். அதுவரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போய்க்கொண்டிருந்தது, போன மாதப் பாடத்தைத் தேடி எடுப்பதற்குள் பையனுக்கு வாசிக்கிற ஆசையே போய்விடுகிறது என்பது அவர் குறை. வலைப்பக்கத்தில் ஒரு பிளேயரை வைப்பது அரை நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அரை நாள் இரண்டு மாதமானது. இடையில் போட்டுப் பார்த்த பிளேயர்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம். சினிமா தளமோ செய்தித் தளமோ செய்கிறவர்களுக்கு என் மதிப்பெண் பொருந்தாமல் போகலாம், முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் நாதஸ்வரம் கற்கிற பிள்ளை பிளேயரிடம் கேட்பது வேறு. பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்க அவனுக்கு நேரமில்லை. கம்பீர நாட்டை ராகத்து மல்லாரியில் ஒரே ஒரு சங்கதி, அதாவது ஒரு வரியை மாற்றி வாசிக்கும் ஒரு வடிவம், நாலு விநாடி, அதை மெதுவாக்கி இருபது முப்பது தடவை கேட்க வேண்டும், மெதுவாக்கும்போது ஸ்ருதி இறங்கக் கூடாது. அடியில் ஒத்து, அதாவது ஸ்ருதிக்காக ஊதும் துணை நாதம், இடைவிடாமல் போக வேண்டும். வீட்டில் ஒரு கோடு சிக்னல்தான் இருக்கும், போன் அப்பாவுடையது. இந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய பெயர்கள் பல இங்கே சறுக்குகின்றன.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், யூடியூப் வீடியோவை நம் பக்கத்துக்குள் பதிக்கும் ஐஃப்ரேம். செலவில்லை, சிக்னலுக்கு ஏற்ப படத்தின் தரத்தை அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும், வேகத்தை நம் நிரலிலிருந்தே குறைக்கலாம். விரல் பிடிப்பதைக் காட்டுகிற பாடங்களுக்கு இதைவிட லேசான வழி இல்லை, இன்றும் அவை மட்டும் அங்கேதான் இருக்கின்றன. வீடியோ முடிந்ததும் வரும் பரிந்துரைகளை அணைக்க ஒரு அமைப்பு உண்டு என்று பழைய பதிவுகளில் எழுதியிருப்பார்கள், நம்ப வேண்டாம். 2018 செப்டம்பரிலிருந்து அது பரிந்துரையை அணைப்பதில்லை, அதே சேனலின் வீடியோக்களைக் காட்டுவதோடு சரி. வாத்தியார் சேனலில் வாத்தியார் பாடம்தானே இருக்கிறது, அதனால் எங்களுக்கு இது நல்லதாகவே போயிற்று. ஆனால் ஒரு சங்கதியை மட்டும் சுழலவிட அதில் நேரான அமைப்பு இல்லை. லூப் அமைப்பு இருக்கிறது, அது முழு வீடியோவுக்கானது, ஒற்றை வீடியோவுக்கு அதைப் போடவே அந்த வீடியோவின் அடையாள எண்ணைப் பிளேலிஸ்ட் என்ற பெயரில் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். அப்புறம் பெரிய தடை விதிமுறையில்தான். படத்தைப் பிரித்து ஒலியை மட்டும் ஓட்டக் கூடாது, பின்னணியில் ஓட்டக் கூடாது, பிளேயர் 200க்கு 200 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு வாத்தியத்தைக் கையில் எடுக்கிற பையனுக்கு இது உதவுமா?

பக்கத்துக்குப் பத்துப் பாடம் என்று பத்து ஐஃப்ரேமை அடுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். முதலில் முகப்புப் படத்தை மட்டும் காட்டி, தட்டிய பிறகு பிளேயரை வரவழைக்கும் லைட் யூடியூப் எம்பெட் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அதைப் போடுங்கள். சுமாரான போனில்கூட பக்கம் சட்டென்று வந்து நிற்கும்.

வீடியோ.ஜேஎஸ் பற்றி நீட்டப் போவதில்லை. 2010லிருந்து இருக்கிற ஆலமரம், எதைக் கேட்டாலும் அதற்கொரு பிளக்இன் கிடைக்கும், துண்டு துண்டாக வரும் ஹெச்எல்எஸ் ஓடையை அதுவே கையாளும். நேரலைக் கச்சேரி ஒளிபரப்பச் சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். மூன்று நிமிஷ ஒலிக் கோப்புக்கு இதை இறக்குவது நாற்று முடியைத் தூக்க டிராக்டரைக் கூப்பிடுகிற கதை.

அடுத்தது பிளையர் (Plyr). ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டுப் பிளேயர் என்றே சொல்கிறார்கள், படிக்கிறவர்களுக்குக் குழம்பக் கூடாதே என்று இப்படி எழுதுகிறேன். பார்க்க அழகு, அதில் சந்தேகமில்லை. சொந்தக் கோப்பு, யூடியூப், விமியோ மூன்றுக்கும் ஒரே முகம், வேகப் பட்டியலில் பாதி வேகமும் முக்கால் வேகமும் முதலிலேயே இருக்கின்றன, வீடியோ.ஜேஎஸ்ஸைவிடப் பல மடங்கு சிறியது. இரண்டு குறை. பொத்தான் படங்களை நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் அவர்கள் சர்வரிலிருந்து எடுத்து வருகிறது, நெட் இல்லாமலும் ஓட வேண்டிய ஆப் என்றால் இதை மறக்காமல் மாற்ற வேண்டும். இரண்டாவது, லூப். அதை ஓர் ஆப்ஜெக்டாக வைத்திருக்கிறார்கள், ஏனென்று ஆவணத்தைப் பார்த்தால் எதிர்கால வசதிக்காக என்று போட்டிருக்கிறது. ஆரம்பப் புள்ளி முடிவுப் புள்ளி வைத்துச் சுற்றவிடும் அந்த எதிர்காலம் எனக்கு வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. பத்துக்கு ஏழு.

கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒலியை ஓட்ட ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கும் வெறும் ஆடியோ டேக்குக்கு வந்தேன். நான் சொல்ல வந்ததே இதுதான். பிரவுசரிலேயே இருக்கிற அந்த ஒற்றை டேக்கை நாம் ரொம்பக் குறைத்து மதிப்பிட்டு வைத்திருக்கிறோம். வேகத்தை முக்காலாக்கினால் ஸ்ருதி அப்படியே நிற்கிறது, ஸ்ருதி காப்பது அதில் முன்னிருப்பாகவே இயங்குகிறது. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வேகம் 0.75 ஆனால் அதிர்வெண்ணும் 0.75 ஆகும், அதாவது ஆதார ஷட்ஜம் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் விழும். டேக்கில் அப்படி விழவில்லை. வாத்தியார் காதில் வைத்துக் கேட்டுவிட்டு முக்கால் வேகத்துக்குத் தலையாட்டினார். பாதி வேகத்தில் நீண்ட கமகங்கள் கொஞ்சம் நடுங்குகிற மாதிரி வந்தன. "இதைக் கேட்டா பையனும் இப்படியே நடுங்கி வாசிப்பான் தம்பி, அந்தப் பொத்தானை எடுத்துடுங்க" என்றார், எடுத்துவிட்டேன்.

லூப்புக்கு மட்டும் கை வேலை தேவைப்பட்டது. முடிவுப் புள்ளி வந்ததா என்று பார்க்க டைம்அப்டேட் என்ற நிகழ்வைத்தான் எல்லோரும் நம்புவார்கள், அது விநாடிக்கு நாலு தடவை மட்டுமே வரலாம், அதாவது கால் விநாடி தாமதம். அதனால் என்ன என்று தோன்றும். நிமிஷத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்து மூன்றாம் காலத்தில் வாசித்தால், அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் வீதம் நிமிஷத்துக்கு 320 ஸ்வரம், ஒரு ஸ்வரத்துக்கு 0.19 விநாடிகூட இல்லை. ஆக ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த சங்கதியின் ஒரு ஸ்வரம் வாலைப் போல ஒட்டிக்கொண்டு வரும். திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நேரத்தைச் சரிபார்க்கும்படி மாற்றியதும் வால் போயிற்று. போனை லாக் செய்தால் அந்தச் சரிபார்ப்பு நின்றுவிடும், ஆகவே பழைய நிகழ்வையும் துணைக்கு விட்டுவைத்திருக்கிறேன். லாக் திரையில் பாடத்தின் பெயரும் நிறுத்து பொத்தானும் காட்ட மீடியா செஷன் என்று ஒன்று இருக்கிறது, பத்து வரி. பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க நான் செய்த இழுவைப் பட்டை ஐபோனில் வேலைக்கு ஆகாது, அங்கே அளவு பக்கவாட்டுப் பொத்தானுக்கு மட்டும் சொந்தம், அதனால் ஐபோனில் பட்டையை மறைத்துவிட்டேன்.

நடுவில் ஒரு வாரம் பிளேயரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எங்கே தட்டினாலும் பாட்டு முதலிலிருந்தே ஓடியது, ஐபோனில் ஓடவே இல்லை. தப்பு என்னுடையது. மாணவர்கள் மட்டும் கேட்க வேண்டும் என்று சர்வரில் நானே எழுதிய பிஎச்பி நிரல், பாட்டை மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பிரவுசர் கோப்பின் இன்ன பைட்டிலிருந்து இன்ன பைட் வரை என்று துண்டாகக் கேட்கும், சர்வர் 206 என்று பதில் சொல்லி அந்தத் துண்டைத் தர வேண்டும், அது இல்லாவிட்டால் எந்தப் பிளேயரும் நடுவில் தாவாது. அனுமதியை மட்டும் பிஎச்பி பார்க்கட்டும், கோப்பை என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் கொடுக்கட்டும் என்று பிரித்ததும் சரியாகிவிட்டது. போனில் எடுத்த வீடியோவை நேராக ஏற்றுகிறவர்களும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எம்பி4 கோப்புகளில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில் இருக்கும், ஆரம்பிக்கவே நேரமெடுக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற கோப்பு மாற்றும் கருவியில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் போட்டு அதை முன்னால் கொண்டுவந்துவிட்டால் தொல்லை விட்டது.

டேட்டா கணக்கு சுருக்கமாக. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. ஒற்றை வாத்தியத்துக்கு மோனோ போதும், 64 கேபிபிஎஸ் ஏஏசியில் வைத்தால் அதில் பாதி. இன்னும் கீழே 48க்கு இறக்கிப் பார்த்தோம், ஊதும் முனையான சீவாளியின் அந்தக் கரகரப்பு போய்த் தகரச் சத்தம் வந்தது, வேண்டாம் என்று விட்டோம். பக்கம் திறந்தவுடன் எதையும் இறக்காதே என்று டேக்கின் ப்ரீலோட் அமைப்பை 'none' என்று வைப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் இருபது பாடமும் வரிசையில் நின்று டேட்டாவைத் தின்னும்.

வேவ்சர்ஃபர் வாத்தியாருக்காகச் சேர்த்தது. ஒலியை அலைக்கோடாக வரைந்து காட்டும், விரலால் இழுத்து ஒரு பகுதியைக் குறித்தால் அங்கேயே சுற்றும். "வாய்க்கால் கரை மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தவர் அரை மணி நேரத்தில் ஒரு வர்ணம் முழுவதையும் சங்கதி சங்கதியாகக் குறித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அலைக்கோட்டைப் போனிலேயே கணக்கிட விடாதீர்கள். விரித்த ஸ்டீரியோ ஒலி நிமிஷத்துக்குச் சுமார் 21 எம்பி நினைவகம் பிடிக்கும், பன்னிரண்டு நிமிஷப் பாடத்துக்கு 250 எம்பி, சின்ன போன் அப்படியே படுத்துவிடும். சர்வரில் பிபிசிக்காரர்களின் ஆடியோவேவ்ஃபார்ம் கருவியை வைத்து உச்சப் புள்ளிகளை முன்பே எடுத்துக் கொடுத்தால் எந்த வம்பும் இல்லை. ஆசிரியர் பக்கத்துக்கு மட்டும் பத்துக்கு ஒன்பது.

மிச்சம் இருந்தது ஒத்து. எட்டு விநாடிப் பதிவை எம்பி3யாக லூப்பில் போட்டேன். எட்டு விநாடிக்கு ஒருமுறை துளி மௌனம் விழுந்தது, எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் சேர்கிற வெற்று ஒலி அது. வாத்தியார் முகம் சுளித்தார். "ஒத்துக்காரன் மூச்சு விடுற மாதிரி இருக்கே." ஒத்து ஊதுகிறவர் மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊதி நாதம் அறாமல் பார்த்துக்கொள்கிறவர், அவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வேவ் கோப்பாக மாற்றி, பிரவுசரிலேயே இருக்கும் வெப் ஆடியோ என்ற இன்னொரு வசதியில் ஏற்றி லூப் தொடக்கத்தையும் முடிவையும் அலை பொருந்தும் இடத்தில் வைத்தேன், மூச்சு நின்றது, நினைவகமும் மூன்று எம்பிக்குள். ஒரு தட்டாவது தட்டினால்தான் வெப் ஆடியோ விழிக்கும், அதனால் ஒத்துக்கென்று தனிப் பொத்தான். முழுப் பாடத்தையும் இதிலேயே ஓட்டிவிடலாமே என்று ஆசை வந்தது, இங்கே வேகத்தைக் குறைத்தால் ஸ்ருதியும் கூடவே இறங்கும். எனவே பாடத்துக்கு ஆடியோ டேக், ஒத்துக்கு வெப் ஆடியோ.

போன வாரம் தவில்காரர் ஒருவர் வந்து பார்த்தார். நாதஸ்வரத்தை மட்டும் அணைத்துவிட்டுத் தவிலை ஓட்ட முடியுமா, இல்லை தவிலை அணைத்துவிட்டு நாதஸ்வரத்தை ஓட்ட முடியுமா என்று கேட்கிறார். இரண்டு ஆடியோ டேக்கை ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது ஆவர்த்தனத்தில் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.