இன்ஸ்டாகிராம் கமெண்ட் ஃபில்டர்: ஆன் பண்ணுங்க, ஆனா அதையே நம்பி இருக்காதீங்க

பெண்ணியம் பேசுற பேஜ் நடத்துறவங்க எல்லாரும் முதல்ல ஆன் பண்ண வேண்டியது இது. செட்டிங்ஸ்ல நாமளே வார்த்தை, எமோஜி எல்லாம் லிஸ்ட் போட்டு வச்சா அது இருக்குற கமெண்ட் மறைஞ்சிடும். 2016 ஜூலைல அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பொய் சொன்னாங்கன்னு காட்ட ஸ்னாப்சாட்ல ஒரு வீடியோ போட்டதும், ஸ்விஃப்டோட இன்ஸ்டா பேஜ் பூரா துரோகின்னு சொல்ற பாம்பு எமோஜியா குவிஞ்சுது. அப்போ இன்ஸ்டாகிராம் இந்த ஃபில்டர ஸ்விஃப்ட் அக்கவுண்ட்ல டெஸ்ட் பண்ணி செப்டம்பர்ல எல்லாருக்கும் குடுத்தாங்க.

பாம்பு எமோஜி விமர்சனமே இல்ல, கூட்டமா சேந்து ஒரு பொண்ண அடிக்கிறது, அத மறைச்சது சரிதான். ஆனா அதே ஸ்விஃப்டோட பிரைவேட் ஜெட் விடுற கார்பன் புகை பத்தி கேக்குறது நியாயமான கேள்வி, அதையும் "பொண்ணுங்கறதால தான கேக்குறீங்க"ன்னு ஃபெமினிஸ்ட்டுகளே தள்ளிவிட்டா எனக்கு கோவம் வருது. இந்த வித்தியாசம் ஃபில்டருக்கு தெரியாது. வசவ எடுத்துக்காட்டி கண்டிக்கிறவங்க கமெண்டும் சேந்து மறையும், ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லாம நாசூக்கா அசிங்கப்படுத்துறவன் தப்பிச்சிடுவான். அதுலயும் தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறப்போ ஒரே வசவுக்கு ஏகப்பட்ட ஸ்பெல்லிங், எல்லாத்தையும் நாமதான் லிஸ்ட்ல ஏத்தணும்.

2019ல இன்ஸ்டாகிராம்ல வந்த "ரெஸ்ட்ரிக்ட்"ங்கற ஆப்ஷன் எனக்கு இதவிட புடிக்கும். நாம ரெஸ்ட்ரிக்ட் பண்ண ஆள் நம்ம போஸ்ட்ல போடுற கமெண்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும், நாம படிச்சுப் பாத்து நியாயமா இருந்தா அப்ரூவ் பண்ணலாம். ரெண்டையும் சேத்து யூஸ் பண்ணுங்க. ஃபில்டருக்கு மட்டும்னா 5க்கு 3 குடுப்பேன்.