ஓப்பன்ஃபோம்: திறந்து பார்க்க விரும்புவோருக்கான பாய்ம மென்பொருள்

சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் பாய்ம இயக்கவியல் ஆய்வகத்துக்கு மென்பொருள் வாங்கும் பேச்சு எழும்போது, உரிமக் கட்டணத்தைக் கேட்டுத் தயங்கும் துறைத்தலைவரிடம் யாராவது ஒருவர், காற்று, நீர் போன்றவற்றின் பாய்ச்சலைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன்ஃபோமின் பெயரைச் சொல்லிவிடுவார். கட்டணம் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் முதற்காரணம். என் பார்வையில் அதன் சிறப்புகளுள் மிகச் சிறியது அதுதான். பணம் மிச்சமாகும் என்று மட்டும் எண்ணி அதை நிறுவும் ஆய்வகம், டெர்மினலில் குவியும் பிழைச்செய்திகளைக் கண்டு மாணவர்கள் மிரண்டதும் பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடும். ஒரு சமன்பாடு எண்ணாக மாறும் ஒவ்வொரு படியையும் திறந்து சோதிக்க வேண்டிய தேவை உள்ளவருக்குத்தான் இது உண்மையில் பயன்படும்.

1980களின் பிற்பகுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹென்றி வெல்லர் தொடங்கிய நிரல் இது. பின்னர் ஹர்வோயே யாசக் உள்ளிட்டோர் அதை வளர்த்தனர். 2004 டிசம்பரில், மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ்ப் பொதுவில் வெளியானது. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட இந்நிரலில், உந்தச் சமன்பாட்டின் நேர வகையீடும் சலன உறுப்பும் விரவல் உறுப்பும் அழுத்தச் சரிவும், வகுப்பில் பலகையில் எழுதும் வரிசையிலேயே நிரல்வரிகளாக நிற்கின்றன. சமன்பாட்டைப் படித்த மாணவர், அதைத் தீர்க்கும் நிரலான சால்வரின் மூலநிரலைத் திறந்தால், சி பிளஸ் பிளஸ் அரைகுறையாகத் தெரிந்திருந்தாலும், எந்த வரி எதைச் செய்கிறது என்று பெருமளவு ஊகித்துவிட முடிகிறது.

பழைய மகாபலிபுரம் சாலையோரம் நெருங்கி நிற்கும் இரண்டு அடுக்ககங்களுக்கு இடையே கோடைக் கடற்காற்று எப்படிப் பாய்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓப்பன்ஃபோமில் இது மூன்று கோப்புறைகளாக அமையும்: தொடக்க மதிப்புகளும் எல்லை நிபந்தனைகளும் '0' என்ற கோப்புறையில், மெஷ்ஷும் (காற்று பாயும் வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலை) பாய்மத்தின் பண்புகளும் 'கான்ஸ்டன்ட்' என்பதில், கணக்கீட்டு முறைகளும் கால அளவும் 'சிஸ்டம்' என்பதில். அனைத்தும் எளிய உரைக்கோப்புகள். தரையின் உராய்வால் காற்று மெதுவாகும் வளிமண்டல எல்லைப்படலத்துக்குரிய நுழைவு நிபந்தனை ஆயத்தமாகவே உள்ளது. ஒரு குறிப்பு உயரத்தையும் அவ்வுயரத்தில் காற்றின் வேகத்தையும் தரையின் சொரசொரப்பு நீளத்தையும் கொடுத்தால், உயரத்துக்கேற்ப மடக்கை விதிப்படி கூடும் வேகத்தை அதுவே அமைத்துக்கொள்கிறது. இயல்பான பயன்பாட்டில், கணக்கீட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்டிக்ட் கோப்பில் கடைசியாக எழுதப்பட்ட நிலையிலிருந்து தொடரும்படி ஒரு வரி எழுதிவிட்டால், மே மாத மின்தடையில் நின்றுபோன கணக்கீட்டை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

மெஷ் அமைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. பிளாக்மெஷ் பின்னணிக் கட்டங்களை உருவாக்க, ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் கட்டடத்தின் புறப்பரப்புக்கேற்ப அவற்றை வெட்டி, பரப்போடு ஒட்டவைத்து, சுவரையொட்டி மெல்லிய அடுக்குகளைச் சேர்க்கிறது. முதலிரண்டு படிகளும் நன்றாகவே நடக்கின்றன. மூன்றாவது படியில், கூரிய மூலைகளில் அடுக்குகள் உருவாகாமல் போவது வழக்கம். அதைச் சரிசெய்யும் அளவுருக்கள் பல. அவற்றுக்கான விளக்கமோ சுருக்கம். செக்மெஷ் கட்டளை மட்டும் நேர்மையான துணை. 70 பாகைக்கு மேல் செங்குத்திலிருந்து விலகிய முகப்புகள் இருந்தால் எண்ணிக்கையோடு சொல்லிவிடும். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வண்ணப்படம் அழகாக வந்ததே என்று ஆய்வேட்டில் ஒட்டுபவர்களை மென்பொருள் தடுக்காது.

பிற மென்பொருள்களில் பழகியவர்கள் எளிதாக இடறும் இடம் ஒன்றுண்டு. அமுக்கவியலாப் பாய்மத்துக்கான (அடர்த்தி மாறாததாகக் கொள்ளப்படும் பாய்மம்) சால்வர்களில் அழுத்தம் என்று எழுதப்படுவது, அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த மதிப்பு. அதன் அலகு பாஸ்கல் அன்று. மீட்டர் வர்க்கத்தை விநாடி வர்க்கத்தால் வகுத்தது. காற்றுக்கான கணக்கில் இதைக் கவனிக்காவிட்டால் விடை சுமார் 1.2 மடங்கு தவறும். கண்ணில் படாமலே போய்விடக்கூடிய பிழை. தண்ணீருக்கான கணக்கில் 1000 மடங்கு தவறுவதால் உடனே தெரிந்துவிடும். அழுத்தம், வேகம் போன்ற ஒவ்வோர் அளவின் கோப்பிலும் அதன் பரிமாணங்களை எழுத வேண்டும் என்பதையும், பரிமாணம் பொருந்தாத இரண்டு அளவுகளைக் கூட்ட முயன்றால் நிரல் நின்றுவிடும் என்பதையும் முதலில் தொல்லையாக நினைப்பவர்களே பின்னர் அதைப் பாராட்டுவார்கள்.

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் விடை சரியாகிவிடாது என்பதற்கு நல்ல சான்று ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லொரேனா பார்பாவின் குழு செய்த ஆய்வு. பறக்கும் பாம்பின் உடற்குறுக்குவெட்டைச் சுற்றிக் காற்று பாயும்போது, ரெனால்ட்ஸ் எண் (பாய்மத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) 2000 அளவில், 35 பாகைக் கோணத்தில் தூக்குவிசை கூடுவதை அக்குழு தன் சொந்த நிரலால் முன்பே கண்டிருந்தது. அதே முடிவை ஓப்பன்ஃபோம் உட்பட வேறு திறந்த நிரல்களாலும் பெற முயன்றபோது, அப்பணிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆனதாக மெஸ்னார்டும் பார்பாவும் 2017இல் எழுதினர். மெஷ்ஷின் தரமும், எல்லை நிபந்தனையும், நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் வெளி நூலகமும்கூட விடையை மாற்றின. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் விடை மாறியது மட்டுமே தெரிந்திருக்கும். ஏன் மாறியது என்று தேடிச் செல்ல வழியிருந்திராது. ஓப்பன்ஃபோமுக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவது இந்த ஒன்றுக்காகவே. கணக்கீடு முழுவதும் உரைக்கோப்புகளாக இருப்பதால், ஆய்வுக்கட்டுரையோடு கோப்புறையை அப்படியே பொதுக் களஞ்சியத்தில் வைத்து, படிப்பவர் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கச் செய்யலாம்.

குறைகளுள் பெரியது பதிப்புகளின் பிளவு. ஓப்பன்ஃபோம் அறக்கட்டளை 11, 12 என்று எண்ணிட்டு வெளியிடும் கிளை ஒன்று. ஓப்பன்சிஎஃப்டி நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 2312, 2406 என்று வெளியிடும் கிளை மற்றொன்று. ஃபோம் எக்ஸ்டெண்ட் எனத் தனிக்கிளை ஒன்றும் உண்டு. அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட 11ஆம் பதிப்பில் சிம்பிள்ஃபோம் போன்ற தனித்தனிச் சால்வர்களின் இடத்தில் ஒரே கட்டளையும் அதற்குள் இயங்கும் தொகுதிகளும் வந்தன. ஒரு கிளைக்காக எழுதிய பாடம் மற்றொன்றில் ஓடாததற்கு மாணவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஓர் ஆய்வகத்தில் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு, அதன் எண்ணை ஆய்வேட்டில் எழுதவைப்பது மேற்பார்வையாளரின் கடமை.

நிறுவுவது இப்போது கடினமன்று. உபுண்டுவில் ஒரு பொதியாகவே கிடைக்கிறது, விண்டோஸில் லினக்ஸ் துணையமைப்பு வழியாக இயங்குகிறது. விடைகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் பார்க்கலாம். மெஷ்ஷின் பத்து லட்சம் கண்ணறைகளுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 ஜிபி நினைவகம் என்று கணக்கிட்டால், மாணவரின் மடிக்கணினியே நடுத்தரக் கணக்குகளுக்குப் போதும். பெரிய கணக்கைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போது செயலிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்க யாரும் இல்லாதது, கொத்துக்கணினி வசதியுள்ள நிறுவனங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாம் ஆண்டு இளநிலை மாணவருக்கு வாரம் ஒருமுறை நடக்கும் ஆய்வக வகுப்பில் இதை வைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு முதலில் பார்பா இலவசமாக வெளியிட்டுள்ள, பைத்தானில் 12 படிகளில், பாய்ம இயக்கத்தின் அடிப்படையான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை அடையும் பாடம் ஏற்றது. முதுகலை மாணவரும் ஆய்வாளரும் அதை முடித்துவிட்டு, திறந்த மென்பொருளைக் கல்வியில் பரப்பும் மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் வழங்கும் ஓப்பன்ஃபோம் பயிற்சிகளுக்கு வரலாம். ஓப்பன்ஃபோமின் பயனர் கையேட்டில் உள்ள, மூடிநகரும் பெட்டிக்கான (மேல்மூடி நகர்வதால் உள்ளே பாய்மம் சுழலும் பெட்டி) முதல் பயிற்சியில் 20க்கு 20 கட்டமும் ரெனால்ட்ஸ் எண் 10ம் தரப்பட்டுள்ளன, பாகுநிலையை 0.01இலிருந்து 0.001ஆகக் குறைத்து எண்ணை 100 ஆக்கி, கட்டங்களையும் நெருக்கி, இதே பெட்டிக்கு 1982இல் கியா முதலானோர் வெளியிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால், அந்தப் பயிற்சி வெறும் பொத்தான் அழுத்தலாக நில்லாமல் சரிபார்ப்பாக மாறும்.

அம்பத்தூர், ஒரகடம் பகுதித் தொழிற்கூடங்களும் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மாற்றங்களை வெளியிட வேண்டும் என்று ஜி.பி.எல். உரிமம் கட்டாயப்படுத்துவதில்லை, திருத்திய நிரலை வாடிக்கையாளருக்கு வழங்கினால் மட்டும் அதன் மூலநிரலையும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.