மஞ்சக்குப்பம் குழந்தைங்க டாக்டர் மேடம், எங்க அனுபவம்

பையனுக்கு ஒண்ணரை வயசு, நாலு நாளா சளி காய்ச்சல், முதல்ல வீட்டுப் பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம், ஸ்டெத்த சட்டை மேலயே வெச்சுட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்துட்டாங்க, எடை கூட பாக்கல. எனக்கு மனசே கேக்கல. மாடி வீட்டு அக்கா சொல்லித்தான் மஞ்சக்குப்பத்துக்கு இவங்ககிட்ட தூக்கிட்டுப் போனோம்.

உள்ள ஜிப்மர் எம்.டி. சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கு. நம்ம கடலூர்ல ஏதாவது பெருசா ஆச்சுன்னா பாண்டி ஜிப்மருக்குத்தான் ஓடுறோம், அங்கயே 3 வருஷம் குழந்தைங்க வார்டுல ராப்பகலா இருந்துட்டு வந்தவங்க. எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போட சேத்து அஞ்சரை வருஷம், எம்.டி. அதுக்கு மேல. டி.சி.எச்.னு போட்டிருந்தா 2 வருஷ டிப்ளமோ, அவங்களும் குழந்தைங்களுக்குன்னே படிச்சவங்கதான். இதெல்லாம் போர்டுல பாத்துட்டுப் போங்க, பாக்கறதுல தப்பே இல்ல.

படிப்பு எங்க தெரிஞ்சுதுன்னா, மேடம் அவன் அழுகை நிக்கற வரைக்கும் பேசாம இருந்தாங்க, தோள்ல சாஞ்சு தூங்கினதும் சட்டைய தூக்கிவிட்டு வாட்ச்ச பாத்துக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் மூச்சுக்கு வயிறு ஏறி இறங்கறத எண்ணினாங்க. 34. "இந்த வயசுல நாப்பதுக்கு மேல போனாத்தாம்மா நிமோனியாவான்னு யோசிக்கணும், நெஞ்சும் க்ளியரா இருக்கு, இது வைரஸ் சளி, ஆன்டிபயாடிக் வேணாம்"னாங்க. எடை 10 கிலோ, காய்ச்சல் மருந்து கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல 150 மில்லிகிராம், நாங்க வாங்கி வெச்சிருந்த பாராசிட்டமால் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளது, அதனால 3 மில்லின்னு மூடிலயே கோடு போட்டுக் காட்டினாங்க. நான் அதுவரைக்கும் குத்துமதிப்பா 5 மில்லி ஊத்திக்கிட்டு இருந்தேன், கேட்டதும் வயித்த கலக்கிடுச்சு. திட்டவே இல்ல. மூச்சு விடறப்ப விலாவுக்குக் கீழ உள்ள இழுத்தாலோ பால் குடிக்காம துவண்டாலோ ராத்திரின்னு பாக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

கூட்டம்தான் கஷ்டம், டோக்கன் போட்டும் ஒண்ணரை மணி நேரம், பாதிப் பேரு பிள்ளைய தூக்கிக்கிட்டு வாசல்லயே நிக்கறாங்க, நாலு சேர் சேத்துப் போடலாம்.

மூணாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. அந்த ஆன்டிபயாடிக் பாட்டில் சீல் உடைக்காம அப்படியே அலமாரில இருக்கு.