இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: கருவி நன்று, கையேடு தவறு

40 லிட்டர் அளவிலான தொட்டியில் குப்பி, பெட்டா போன்ற சிறு மீன்களை வளர்ப்பவர்களுக்கு, நீருக்குள் மோட்டார் வைத்து இயங்கும் ஃபில்டர்களைவிட, ஏர் பம்பின் காற்றால் மட்டுமே இயங்கும் இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டரே ஏற்றது என்பது, அதைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் என் கருத்து. ஆனால் பெட்டிக்குள் வரும் கையேட்டை அப்படியே பின்பற்றினால் இந்தக் கருவியை வாங்கியதன் பயனே போய்விடும்.

இதன் அமைப்பு மிக எளிது. குழாய்க்குள் விடப்படும் காற்றுக்குமிழிகள் மேலே எழும்போது நீரையும் சேர்த்து உயர்த்துகின்றன. அந்த இடத்தை நிரப்பப் புதிய நீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே வருகிறது. இழுவிசை மென்மையானது என்பதால், பிறந்து சில மணி நேரமே ஆன குப்பிக் குஞ்சுகள்கூட உறிஞ்சப்படுவதில்லை. நீண்ட துடுப்புகளைக் கொண்ட பெட்டாவும் நீரோட்டத்தோடு போராட வேண்டியதில்லை.

அழுக்கைப் பிடிப்பதைவிடப் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுப்பதே ஸ்பாஞ்சின் முக்கியமான வேலை. மீன்களின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அதன் நச்சும் கூடும். ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட்டை, வாரந்தோறும் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றுவதன் மூலம் கட்டுக்குள் வைக்கலாம். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். 'பொருத்திய அன்றே மீன்களை விடலாம்' என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கையேடோ, ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை குழாய் நீரில் நன்றாக அலசச் சொல்கிறது. மாதம் ஒருமுறை புதியதை மாற்றவும் சொல்கிறது. குளோரின் கலந்த நீரில் அலசினால் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அழியும். ஸ்பாஞ்சையே மாற்றினால் அதிலிருந்தவை மொத்தமாகப் போய்விடும். நீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தெடுத்தால் போதும். இரட்டை ஸ்பாஞ்சின் அருமை இங்கேதான் தெரிகிறது: ஒன்றைப் பிழிந்துவிட்டு, மற்றொன்றை இரண்டு வாரம் கழித்துக் கவனிக்கலாம். இப்படிப் பேணினால் ஒரே ஸ்பாஞ்ச் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

குறைகளும் உண்டு. நுண்ணிய துகள்களை இது முழுமையாகப் பிடிப்பதில்லை. மரக்கட்டை வைத்த தொட்டியில் நீருக்கு ஏறும் பழுப்பு நிறத்தையும் நீக்காது. குமிழிச் சத்தம் படுக்கையறையில் தொந்தரவாக இருக்கலாம். குழாயின் உள்ளே காற்றைப் பொடிக் குமிழிகளாகப் பிரிக்கும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோன் ஒன்றைச் சிறியதாகப் பொருத்தினால் குமிழிகள் பொடியாகிச் சத்தம் பெரிதும் அடங்குகிறது. புதிய ஸ்பாஞ்ச் மிதக்கும்; நீருக்குள் அழுத்திப் பிழிந்து காற்றை வெளியேற்றிய பிறகே அடியில் நிற்கும். நான் மன்னிக்க மறுப்பது, நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வு இல்லாமல் விற்பதைத்தான். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது மின்சாரம் நின்றால், காற்றுக்குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகக்கூடும். அந்த வால்வைத் தனியே வாங்கிப் பொருத்தும் வரை பம்பை நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும்.

கழிவு மிகுதியான தங்கமீன் தொட்டிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்; அங்கே பெரிய ஃபில்டருக்குத் துணையாக வைக்கலாம். குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கும் இறால் தொட்டிக்கும் தயங்காமல் வாங்கலாம்.