தாழ்ப்பாள் இல்லாத கதவு

இந்த முறை ஊரில் ஐந்து வாரம் இருந்தேன். கல்யாணம், பேங்க் வேலை, பத்திரப் பதிவு எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, முதல் மாடி, கவுன்சிலிங் அறை. அந்த அறையின் கதவைப் பற்றி எழுதாமல் எனக்கு ஆறாது.

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் 11 வருடமாக நர்ஸ். போன குளிர்காலத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் டாக்கிங் தெரபீஸில், அதாவது பேச்சுவழி மனநல சிகிச்சையில், டாக்டர் சீட்டு இல்லாமல் நாமே பதிந்துகொள்ளலாம். பதட்டத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 21-க்கு எனக்கு 16. பதினைந்தைத் தொட்டாலே கடுமையான பதட்டம் என்று கணக்கு. பிறகு கிடைத்த சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "இப்போது என்ன உணர்கிறீர்கள்" என்று கேட்டால் நான் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்வேன். நடுவழியில் ஏதோ ஒன்று கழன்று விழுந்துவிடும். ஊருக்குப் போனதும் தமிழில் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னதும் முகம் வாடிப்போனது. அவர் காலத்தில் மனசுக்கு வைத்தியம் என்றால் குணசீலம், ஏர்வாடி, இல்லையென்றால் கீழ்ப்பாக்கம். "உனக்கு என்ன குறைன்னு அங்க போற? நாலு நாள் நல்லாத் தூங்கு, சரியாப் போயிரும்" என்றார். தூங்க முடியவில்லை என்பதுதானே பிரச்சினை. தங்கைதான் விசாரித்து நேரம் வாங்கித் தந்தாள். இடையில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு டெலி-மனஸ் 14416-க்குக் கூப்பிட்டுப் பேசினேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். நல்லபடியாகப் பேசினார்கள்.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். ஹால் நிறைய ஆட்கள். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "கவுன்சிலிங்குக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க யாரு?" என்று சத்தமாகக் கேட்டார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "என்னம்மா, புருஷனோட பிரச்சினையா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு கூசிப்போனது. லெஸ்டரில் காத்திருக்கும் இடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். அது இத்தனை நாள் எனக்கு ஒரு வெறுமையாகவே தெரிந்தது. அன்றைக்கு அதற்காக ஏங்கினேன்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன், அது தானாகத் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

ஆலோசகர் மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். "சொல்லுங்க, எங்க வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்" என்றார். ஆரம்பித்தேன். ஒரு நர்ஸ் கையெழுத்து வாங்க வந்தார். மறுபடி ஆரம்பித்தேன். பைல் எடுக்க ஒருவர் வந்தார். மூன்றாவதாக, "நைட் டூட்டியில ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டே..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்த டோக்கன்காரர் தலையை நீட்டி, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?" என்று கேட்டார். எனக்கு வார்த்தை நின்றுவிட்டது. பத்து மாதமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருகிறவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே சொல்கிறது. நல்ல சட்டம். அந்தக் கதவுக்கு அது எட்டவில்லை.

அப்புறம் அந்த மேடம் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஒன்றும் பேசாமல் எழுந்து தன் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், கதவை மூடி, முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். மேசை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "இனிமே யாரும் வர மாட்டாங்க. பாட்டி கையைப் பிடிச்சாங்க, அப்புறம்?" வெளியே யாரோ தள்ளினார்கள். நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது. அவர் காலை ஊன்றிப் பின்னால் அழுத்தினார். பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

அழுது முடித்தபின் சொன்னேன்: "உடம்பு ஓஞ்சு போச்சு மேடம். வேலைன்னாலே வெறுத்துப் போகுது. எதைச் செஞ்சாலும் உருப்படியாச் செய்யலையோன்னு இருக்கு." உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையால் ஓய்ந்துபோவதற்கு, சொல்லும் மூன்று அடையாளங்களும் இவைதான் என்றார். அதை அவர்கள் நோயாகக்கூட வகைப்படுத்தவில்லை, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் இதே விளக்கத்தைப் பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன். "ஓஞ்சு போச்சு" என்ற என் சொல்லிலிருந்தே அது திரும்பி வந்தபோதுதான் உள்ளே இறங்கியது.

அவர் செய்வது ஒருங்கிணைந்த ஆலோசனை. ஒரே முறையைப் பிடித்துக்கொள்வதில்லை. முதல் நாள் நான் சொல்வதை வெறுமனே கேட்டார், அது உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழி. இரண்டாம் முறை, "நான் லீவு போட்டா வார்டே நின்னுரும்" என்ற நினைப்பை ஒரு தாளில் எழுதவைத்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று இரண்டு பத்தியாகப் பிரித்தோம். அது சிபிடி, நினைப்பையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் சிகிச்சை முறை. மூன்றாம் முறை, "வீட்டுக்கு மூத்தவங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் போனது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

மூன்று தடவையும் அவர் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்தார். முதுகு வலிக்காதா என்று கேட்டேன். "வலிக்கும்" என்றார். தாழ்ப்பாள் போய் வெகுநாளாகிறதாம், கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இவ்வளவு தெரிந்த ஒருவரை அமர்த்தியவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போட மனம் வரவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குறை சொல்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கிளம்பும் முந்தின நாள், 23-ஆம் பிரிவையும் குறிப்பிட்டு ஒரு பக்கத்துக்கு எழுதிக் கவுண்டரில் கொடுத்தேன். அதே பெண்தான் இருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ளெய்ண்ட்டா மேடம்?" என்றார். தாழ்ப்பாள் கேட்டிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்து மேலாளர் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்.

டிசம்பரில் மறுபடி போகிறேன். நேரம் இப்போதே வாங்கியாயிற்று.